பாறை என்றேன்

பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு இந்தாண்ட
தேவநேசன் பட்டறையில்
மினி டிராக்டரைப் பின்பக்கமாக ஓட்டி நிறுத்தி
பாறை என்றேன்.

அவன் பக்கெட்டின் கீழ் மண்டியிட்டு
கட்டைவிரலால் அதன் உதட்டைத்
தடவிக்கொண்டே போனான்.
இடது ஓரத்தில் விரல் நின்றது.
பக்கத் தகடு உள்ளே மடிந்து
காதுமடல் மாதிரி சுருண்டிருந்த இடம்.

"எங்க?"
ஒடுகத்தூர் பக்கம், பைப்லைன் வேலை.
"இன்னா பாறை?"
கருங்கல்.

வேலூர்ப் பக்கம் இதைச் சொன்னால் போதும்.
எங்கள் மலைகளே சாட்சிக்கு வந்து நிற்கும்
மொட்டைத் தலையோடு.

அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை.
மூலைக்கு மூலை நூல் பிடித்தான்.
மூன்று விரல் கோணல்.
பின்னைத் தட்டிக் கழற்றவே ஒரு மணி நேரம்,
புஷ்ஷில் மணல் கடித்துக் கிடந்தது.
"வெட்டிட்டு புதுத் தகடு வெச்சா பதினோராயிரம்.
சூடு காட்டி இழுத்தா நாலரை.
ஆனா இழுத்தது இழுத்ததுதான்,
கம்பெனி மாதிரி வராது."
மாதத் தவணை ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
இழு என்றேன்.

தரையில் புதைத்த தண்டவாளத் துண்டில்
சங்கிலி மாட்டி
இருபது டன் ஜாக்கியை வாய்க்குள் கொடுத்து
மடிப்பின் முதுகில் நெருப்பைப் பிடித்தான்.
கத்திரி வெயில். தகரக் கூரை.
மஞ்சள் பெயிண்ட் கொப்பளித்துக் கருகியது.
இரும்பு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அப்புறம் கத்திரிப்பூ நிறம், நீலம்,
அதற்கும் அப்புறம்
வற்றல் போடும் பருவத்து மிளகாய்.

மடிப்பு கொஞ்சம் வாய் திறந்தது.
உள்ளேயிருந்து
விரல்நகம் அளவுக்கு ஒரு சில்லு விழுந்தது.
சிமெண்டு. ஒரு பக்கம் ரோஸ் பெயிண்ட்.

இடுக்கியால் எடுத்து, ஊதி,
என் உள்ளங்கையில் வைத்தான். சுட்டது.
"தோண்டும்போது வளைஞ்சா பல்லு போவும்,
உதடு கீழ மடங்கும்.
இது பக்கத்துல தள்ளினது."
அவ்வளவுதான். மறுபடி நெருப்பு.

ஆமாம், தள்ளினேன்.
பங்காளி சிகாமணி குடும்பத்தோடு
குடியாத்தத்துக்குக் கல்யாணத்துக்குப் போன ராத்திரி,
லைட் போடாமல்,
என் பாதையில் ஒன்றரை அடி ஏறி நின்ற
அவன் ரோஸ் சுவரைத் தள்ளினேன்.
பூமைப் பக்கவாட்டில் வீசி வீசித் தள்ளினேன்.
பள்ளம் எடுக்கிற கை இது, அடிக்கிற கை இல்லை என்று
விற்ற அன்றைக்கே டீலர் சொன்னான்,
என் காசில் டீ குடித்துக்கொண்டு.
சுவர் விழுந்தது.
அஸ்திவாரத்துக் கருங்கல் அசையவில்லை.
ஆக, நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

விடிந்ததும் சிகாமணி
எவனோ லாரிக்காரன் என்றான்.
அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஜாக்கி முனகியது.
சம்மட்டி, நூல். சம்மட்டி, நூல்.
வாளித் தண்ணீரை நான் தூக்கியபோது
கையைப் பிடித்தான்.
"தானா ஆறட்டும்யா. அவசரப்பட்டா வெடிச்சுப்பூடும்."
வெடிப்பு ஏற்கெனவே இருந்தது, மயிரிழைக்கு.
அதன் நுனியில் ஒரு துளை போட்டு
அங்கேயே நிறுத்தினான்.
காடி வெட்டி ராடு ஓட்டினான்.
மேலே ஒரு பட்டை.

கடைசியாக நூல் பிடித்தபோது
தகட்டுக்கும் நூலுக்கும் நடுவே அரை விரல்.
"அது போவாது. அதோட ஓட்டு."

பணம் எண்ணும்போது போன் அடித்தது.
சிகாமணி.
"மிசின் ரெடியாயிடுச்சா?
நம்ம சந்துல ஜேசிபி திரும்பாது.
சொவுத்துக்கு மறுபடி பள்ளம் எடுக்கணும்பா.
மணிக்கு இன்னா போடற?"

தேவநேசன் காதில் விழுந்ததோ என்னவோ,
முகமூடியை இறக்கிக்கொண்டு
யாருடையதோ கேட்டின் கீலை ஒட்டப் போனான்.

எண்ணூறு என்றேன்.
சட்டைப்பையில் சில்லு.
எழுநூறு என்றேன்.

நாளைக் காலை ஆறரைக்கு எடுக்கிறேன்.
எந்தக் கோட்டில் என்று அவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
பள்ளத்தின் அடியில் இடது ஓரமாக
அரை விரல் உயரத்துக்கு
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
ஒரு வரப்பு நிற்கும்.
கல் இறக்கும்வரை
குனிந்து பார்த்தால் தெரியும்.